ருக்மிணியின் நூற்றெட்டுச் சுற்று

பால் பாக்கெட்டோடு வீட்டுக்குள் நுழைந்தாள் ருக்மிணி. அவளுக்குப் பின்னாலேயே வந்த மூன்று தெரு நாய்கள் வாசலில் நின்ற பழைய டி.வி.எஸ்-ஃபிப்டி ஓரமாக வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

"என்ன ருக்கு, விருந்தாளிங்களை எல்லாம் கூட்டிட்டு வந்திருக்கே?" என்றார் அவள் கணவர் சிவசங்கரன்.

ருக்மிணி அப்போதுதான் கையைப் பார்த்தாள். பாக்கெட்டின் ஒரு மூலை பிய்ந்து, அரை லிட்டர் பாலில் பாதி வழியெல்லாம் ஒழுகியிருந்தது.

"பூத்துல தூக்கித் தூக்கிப் போடறானுங்க. பிஞ்சிருக்கு."

"பால் வாங்க ஒன்றரை மணி நேரமா?"

"லாரி லேட்டு."

"இப்படி வேர்த்திருக்கே?"

"கூட்டத்துல நின்னா வேர்க்காதா?"

ஜனவரி மாதத்துப் பெங்களூரில், ஊரே குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக நடுங்கிக்கொண்டிருந்த காலை ஆறரை மணிக்கு, அவள் ஜாக்கெட் முதுகெல்லாம் நனைந்து நின்றிருந்தாள். ஆடுகோடியில் அவர்கள் வீட்டிலிருந்து பால் பூத்துக்கு நூறு அடிதான் இருக்கும். ஆனால் அந்தப் பாக்கெட் மடிவாளா வரை போய், கோரமங்களாவைச் சுற்றிக்கொண்டு, மொத்தம் எட்டு கிலோமீட்டர் பயணம் செய்துவிட்டு வந்திருந்தது. அது நாய்களுக்குத் தெரியும். சிவசங்கரனுக்குத் தெரியக் கூடாது.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கறுப்புக் காப்பியைக் குடித்தார். சிவசங்கரன் பேசாமல் இருந்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். அவர் யோசித்து வீட்டுக்கு நல்லது நடந்ததாகச் சரித்திரம் இல்லை.

இத்தனைக்கும் இதை ஆரம்பித்துவைத்தவரே அவர்தான். இரண்டு மாதத்துக்கு முன் ஒருநாள் சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு ஹெப்பகோடிக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். ருக்மிணி பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். சிக்னலில் பஸ் நிற்கும். அவள் கிட்டே போவதற்குள் கிளம்பிவிடும். அடுத்த சிக்னலில் மறுபடி நிற்கும். இப்படியே ஓசூர் ரோட்டில் மடிவாளா செக்போஸ்ட் வரை ஓடி, ஜன்னல் வழியாகப் பையைக் கொடுத்தாள். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் கை தட்டினார்கள்.

அன்று சாயந்திரம் சிவசங்கரன் வீட்டுக்கு வந்து பையை ஆணியில் மாட்டியபடி சொன்னது ஒரே வார்த்தைதான். "நாப்பத்து மூணு வயசுல ரோட்டுல தலைதெறிக்க ஓடறே. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் நினைப்பது இருக்கட்டும். ருக்மிணிக்கு அன்று பகல் முழுக்க வேறு நினைப்பே இல்லை. மூச்சு வாங்கவில்லை. கால் வலிக்கவில்லை. விடிந்தால் நாலு பேருக்கு டிபன், நாலு டப்பா சாப்பாடு, அப்புறம் கார்மென்ட்ஸில் ஐம்பது தையல் மெஷினுக்கு சூப்பர்வைசர், திரும்பி வந்தால் மகள் தாரணியின் பி.யு.சி. படிப்பு, மகன் பரத்தின் யூனிஃபார்ம் என்று இருபது வருஷமாக மற்றவர்களுக்காகவே ஓடியவளுக்கு, சும்மா ஓடுவதில் இப்படி ஒரு சந்தோஷம் இருப்பது யாரும் சொல்லாமல் மறைத்துவைத்த ரகசியம் போலத் தோன்றியது. மறுநாள் பால் வாங்கப் போனவள் பூத்தைத் தாண்டி ஓடினாள். அதற்கு மறுநாள் டெய்ரி சர்க்கிள் வரை. ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரும்போது அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

சிவசங்கரன் யோசித்த யோசனை ஞாயிற்றுக்கிழமை வெளிப்பட்டது.

"ருக்கு, பூத்துக்காரன்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலேருந்து பால் வீட்டுக்கே வந்துடும். நீ இனிமே பனியில நிக்க வேணாம்."

இப்படி ஒரு நல்ல புருஷன் வாய்த்ததற்காக ருக்மிணி அன்று அழாத குறைதான். ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, திங்கட்கிழமை சாயந்திரம் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"என்னங்க, தாரணி பரீட்சைக்காக ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். ஆஞ்சநேயர் கோயில்ல நாப்பத்தெட்டு நாள், தினம் நூத்தெட்டு சுத்து. விடிகாலையிலே போகணும்."

"நம்ம கோயில்லயா?"

"இல்ல, மடிவாளா போற வழியில சின்னதா ஒண்ணு இருக்கே, அது. ஈரத்துணியோட சுத்தணும்." வேர்வைக்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

சிவசங்கரன் பயபக்தியுள்ளவர். சாமி விஷயத்தில் விளையாடவே மாட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப நாப்பத்தெட்டு நாளும் வீட்டுல கவுச்சி கூடாது."

ருக்மிணிக்கு இது தோன்றவே இல்லை. பரத் அலறினான். "ஞாயித்துக்கிழமை பிரியாணி?"

"கொத்தவரங்காய்" என்றார் சிவசங்கரன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவள் வெறுங்காலோடு பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கூடையில் மேலே கொஞ்சம் துளசி. கீழே பரத்தின் பழைய கேன்வாஸ் ஷூ. தெருக்கோடியில் ஷூவை மாட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். கோயில் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து கொத்தவரங்காய்ப் பொரியலைத் தின்னும்போதுதான், பொய் சொன்னதற்கு ஆஞ்சநேயர் அன்றன்றைக்கே தண்டனை கொடுத்துவிடுகிறார் என்று புரிந்தது.

நாலாம் நாள் வீட்டுச் சொந்தக்காரர் கோவிந்தப்பாவின் மனைவி லட்சுமம்மா மாடியிலிருந்து இறங்கி வந்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

"ருக்மிணம்மா, நானும் உங்க கூட கோயிலுக்கு வர்றேன். என் பொண்ணு வீணாவுக்கு வரனே அமையல. நாளைக்கு அஞ்சு மணிக்கு ரெடியா இருக்கேன், ஆயித்தா?"

ருக்மிணி அவசரமாகக் குறுக்கிட்டாள். "வர்றதுல ஒண்ணுமில்லம்மா. ஆனா இது மௌன வேண்டுதல். தனியாத்தான் போகணும். வீட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் யார்கிட்டயும் பேசவே கூடாது."

"அய்யோ தேவரே! மௌனம் வேறயா?" என்று லட்சுமம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்படின்னா அந்தச் சாமி குங்குமமாவது எனக்கு தினம் கொண்டுவந்து கொடுங்க."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடையில் ஒரு குங்குமப் பொட்டலம் வாங்கினாள். கூடையைத் தெருக்கோடிப் புதரில் ஒளித்துவிட்டு ஓடுவதால், அதில் வைத்தால் பொட்டலம் பனியில் நனைந்துவிடும். இரண்டாகப் பிரித்து இரண்டு சாக்ஸுக்குள்ளும் சொருகிக்கொண்டாள். பன்னிரண்டு கிலோமீட்டர் வேர்வையில் பொட்டலம் கரைந்துபோனது. தெருக்கோடியில் ஷூவைக் கழற்றி வெறுங்காலோடு வந்தவளின் இரண்டு பாதங்களும் கணுக்கால் வரை செக்கச்செவேலென்று இருந்தன. கேட்டில் காத்திருந்த லட்சுமம்மா அதைப் பார்த்தாள்.

"ரீ, இல்லி பன்னி! ருக்மிணம்மா பாதத்தைப் பாருங்க!" என்று புருஷனை இங்கே வரும்படி கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டே, தரையில் பதிந்த சிவப்புக் காலடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் கேட்டில் பதினோரு பேர் நின்றார்கள்.

மௌனம் என்று சொல்லித் தொலைத்துவிட்டதால் ருக்மிணியால் "ஐயோ, எழுந்திருங்க" என்று கூடச் சொல்ல முடியவில்லை. கோவிந்தப்பா தம்பியோடு உள்ள வீட்டுமனை வழக்கைப் பற்றிச் சொல்லி, மேல் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். காதுக்குள் இறங்கிய வேர்வையை உதற அவள் தலையை இடமும் வலமுமாக ஆட்டினாள். அவர் அன்றைக்கே தம்பி வீட்டுக்குப் போய்ச் சமாதானமாகி, இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்கப்புறம் அடுத்த கிராஸ் தெருவிலிருந்தெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

தாரணிதான் உள்ளே வந்து பல்லைக் கடித்தாள். "அம்மா, தெருவே என்னைப் பார்த்து 'உனக்கென்ன, பாஸ்தான்'னு சொல்லுது. நான் ஃபெயிலானா ஆஞ்சநேயர் மானம் போகும். எனக்குத் தூக்கமே வரல. பயத்துல ஃபிசிக்ஸ் முழுக்கப் படிச்சு முடிச்சிட்டேன்."

ஒரு விஷயம் மட்டும் ருக்மிணிக்கு ஆறுதலாக இருந்தது. வேண்டுதல் பொய்யானாலும் வீடு திருந்திவிட்டது. அவள் திரும்பி வரும்போது சிவசங்கரன் குளித்து முடித்து, விபூதி பூசிக்கொண்டு தயாராக இருந்தார். முன்பெல்லாம் ஏழு மணிக்கு நாலு தடவை எழுப்ப வேண்டிய மனுஷன். கறி மீன் இல்லாததால் தொப்பையும் கரைந்து, பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். கம்பெனியில் நின்று நின்று முட்டி வலிக்கிறது என்று அவரும் தைலம் தேய்க்க ஆரம்பித்ததால், ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் ஒரே தைலப் புட்டிக்கு அடித்துக்கொண்டார்கள். ஒருநாள் ஷூவில் புது லேஸ் கோத்திருந்தது. பரத்துக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று ருக்மிணி மகிழ்ந்துபோனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆம்ப்ரோஸ் மாஸ்டரின் அறிமுகம் ஏற்பட்டது. ரிட்டையரான டிரில் மாஸ்டர். காலையில் மைதானத்தில் பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுப்பவர். மூன்று வாரமாக அவளைக் கவனித்துவிட்டு ஒருநாள் விசிலை ஊதி நிறுத்தினார்.

"சிஸ்டர், நீங்க ஓடறீங்களா, இல்ல யாரையாவது தொரத்தறீங்களா?"

"ஓடறேன் சார்."

"அப்ப கையை இப்படி வீசாதீங்க, மாவாட்டற மாதிரி இருக்கு. மார்ச்சுல கண்டீரவா ஸ்டேடியத்துல ரேஸ் வருது. இருபத்தொரு கிலோமீட்டர். பேர் கொடுக்கட்டுமா?"

"நானா? ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா சார் நான்."

"ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா ஓடக் கூடாதுன்னு ஃபார்ம்ல எங்கயும் போடல."

ருக்மிணி சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வீடு வரை அவள் கால் தரையில் பாவவில்லை. இருபத்தொரு கிலோமீட்டர்! தனக்கென்று ஒரு புடவை எடுக்கப் போனால்கூட மகளுக்குச் சுடிதாரோடு திரும்பி வருகிறவள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தனக்கே தனக்காக ஒன்றை ஆசைப்பட்டாள். அந்த இருபத்தொரு கிலோமீட்டரையும் முழுசாக ஓடி முடித்துவிட வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ரேஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டுதலின் நாற்பத்தெட்டாம் நாள்.

லட்சுமம்மா அதற்குள் காரியத்தில் இறங்கியிருந்தாள். "கடைசி நாள் தெருவே உங்க கூட வருது. மேளம் சொல்லியாச்சு. முப்பது பேர். பொங்கல் வச்சுப் படைக்கறோம். நேத்தே அந்தக் கோயிலுக்குப் போய்ப் பூசாரிகிட்டயும் பேசிட்டேன்."

ருக்மிணி மெதுவாகக் கேட்டாள். "பூசாரி... என்ன சொன்னார்?"

"ஒரு நாள் தவறாம நடக்குது, இப்படி ஒரு பக்தியை நான் பார்த்ததே இல்லன்னு கண்ணு கலங்கிட்டார்!"

அன்றிரவெல்லாம் ருக்மிணி இதைப் பற்றியே யோசித்தாள். யாரோ ஒரு புண்ணியவதி தினமும் அங்கே நூற்றெட்டு சுற்றிக்கொண்டிருக்கிறாள். பூசாரி அவளையும் இவளையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டுவிட்டார். பேர் தெரியாத அந்தப் பெண்மணிக்கு மனசாரக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் புதிதாக ஒரு பொய்யைச் சமைத்தாள். கடைசி நாள் சுற்று விடிவதற்கு முன் ஆரம்பித்துத் தனியாக முடிக்க வேண்டும். மற்றவர்கள் பத்து மணிக்கு நேராகக் கோயிலுக்கு வந்தால் போதும். லட்சுமம்மா முகம் சுருங்கியது. ஆச்சரியமாகச் சிவசங்கரன்தான் கைகொடுத்தார்.

"சாமி காரியம்மா. பத்து மணிக்கு முன்னாடி யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. நானே எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன்." பிறகு மனைவியிடம், "நீ அவசரப்படாம, மெதுவா முடிச்சிட்டு வா ருக்கு" என்றார்.

ரேஸ் ஆறு மணிக்கு. எட்டரைக்கு முடித்து, புடவையைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோவில் ஒன்பதேகாலுக்குக் கோயிலில் இறங்கிவிடலாம். கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. தலைமை விருந்தினர்தான் கணக்கில் இல்லை. கொடியசைத்துத் தொடங்கிவைக்க வேண்டிய அந்தப் பெரிய மனிதர் ஏழு மணிக்கு வந்து, அரை மணி நேரம் உடல்நலத்தின் அவசியத்தைப் பற்றிப் பேசினார். ஆயிரம் பேர் குளிரில் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கேட்டார்கள்.

"சிஸ்டர், வாட்சைப் பார்க்காதீங்க" என்றார் ஆம்ப்ரோஸ் மாஸ்டர். "ரோட்டைப் பாருங்க."

துப்பாக்கி வெடித்தது. அவ்வளவுதான். ருக்மிணிக்கு லட்சுமம்மாவும் பொங்கலும் மேளமும் ஒரு நொடியில் மறந்துபோயின. கப்பன் பார்க் மரங்களுக்கு நடுவே ஆயிரம் ஜோடிக் கால்களின் சத்தம். எம்.ஜி. ரோட்டில் எந்நாளும் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பயந்து ஓரமாக நடந்தவள், அன்று நட்டநடு ரோட்டில் ஓடினாள். போலீஸ்காரர் வண்டிகளை எல்லாம் நிறுத்தி அவளுக்கு வழிவிட்டார். அல்சூர் ஏரிப் பக்கம் யாரோ ஒரு அம்மா பால்கனியிலிருந்து, "விடாத, ஓடும்மா, ஓடு!" என்று தமிழில் கத்தினாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது ருக்மிணிக்கு.

பதினெட்டாவது கிலோமீட்டரில் இரண்டு தொடையும் கல்லாகிவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது. விளக்குக் கம்பங்களை எண்ண ஆரம்பித்தாள். ஒரு கம்பத்துக்கு ஒரு சுற்று. ஆஞ்சநேயா, பொய் சொன்னதுக்கெல்லாம் சேர்த்து இன்னைக்கு நிஜமாவே சுத்தறேன், கைவிட்டுடாதே. தொண்ணூற்று இரண்டாவது கம்பத்தில் ஸ்டேடியம் தெரிந்தது. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். யாரோ கழுத்தில் மெடலைப் போட்டார்கள்.

"முடிச்சிட்டீங்க சிஸ்டர்!" என்று ஆம்ப்ரோஸ் மாஸ்டர் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.

"மணி என்ன சார்?"

"பத்து அஞ்சு."

புடவைப் பையை வைத்த கவுன்டரில் இருநூறு பேர் வரிசை. வெளியே வந்தால் ரேஸுக்காக ரோட்டையெல்லாம் அடைத்திருந்தார்கள்; கண்ணுக்கெட்டிய தூரம் ஆட்டோவே இல்லை. ருக்மிணி இரண்டு பக்கமும் பார்த்தாள். தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மறுபடியும் ஓடினாள்.

ஆறு கிலோமீட்டர். கோயில் வாசலில் அவள் வந்து நின்றபோது மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. முப்பது பெண்கள் பட்டுப்புடவையில் தாம்பாளத்தோடு நின்றார்கள். அவள் பரத்தின் டிராக் பேன்ட்டில், வேர்வை சொட்டும் பனியனில், நெஞ்சில் குத்திய பெரிய நம்பரோடு நின்றாள். மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தாரணியும் பரத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவசங்கரன் தூண் ஓரமாக நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனிது ருக்மிணம்மா? இது என்ன வேஷம்?" என்றாள் லட்சுமம்மா.

வாயைத் திறந்த ருக்மிணிக்குச் சொல்ல ஒரு பொய்கூட மிச்சமில்லை. அதைவிட, சொல்ல மனசும் இல்லை. இன்றைக்கும் மறைத்தால் ஆயுசுக்கும் மறைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் நாளையிலிருந்து ஓட விடமாட்டார்கள். ஆனாலும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிய பெருமையைப் பனியனுக்குள் ஒளித்துவைக்க அவளால் முடியவில்லை.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றாள். "நான் வேண்டுதலும் வைக்கல, மௌனமும் இருக்கல. அந்தக் குங்குமம் கடையில வாங்கினது. நாப்பத்தெட்டு நாள்ல ஒரு நாள்கூட நான் இந்தக் கோயில் படி ஏறல. தினம் ஓடப் போனேன். ரேஸ்ல ஓடிட்டுத்தான் இப்ப வர்றேன். எனக்கு ஓடப் பிடிச்சிருக்கு. என்ன வேணா சொல்லுங்க, இதை மட்டும் விடச் சொல்லாதீங்க."

லட்சுமம்மா தாம்பாளத்தைத் தரையில் வைத்தாள். "அப்ப இவ்வளவு நாள்... வேண்டுதலே பொய்யா?"

கற்பூரத் தட்டோடு வெளியே வந்த பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரும்மா பொய்னு சொன்னது? இவங்க பேர், நட்சத்திரம் சொல்லி நாப்பத்தெட்டு நாளும் இதோ தூண் ஓரமா நிக்கற சார்தான் டி.வி.எஸ்-ஃபிப்டியில வந்து சுத்திட்டுப் போனார். முதல் நாளே இவங்க ஓடறதைப் பின்னாலேயே வந்து பார்த்துட்டாராம். பொண்ணு பரீட்சைக்கான்னு கேட்டேன், இல்ல சாமி, என் சம்சாரம் ஓட்டம் எதுக்காகவும் நின்னுடக் கூடாதுன்னு சொல்லிட்டு, இவங்க திரும்பறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணுமேன்னு நூத்தெட்டு சுத்தையும் இவரும் ஓடித்தான் முடிச்சார்!"